மிதவைக்கு எத்தனை கிலோ மிஞ்சும்?

ஏரியிலும் இறங்கவேண்டும், ஓடுபாதையிலும் இறங்கவேண்டும். அப்படி ஒரு சின்ன விமானத்தை வெள்ளவத்தை வீட்டுக் கராஜில் கட்டத் துணிந்தபோது நான் எஞ்சினையும் வேகத்தையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரத்மலானை விமான நிலையத்தில் விமானம் திருத்தி ஓய்வுபெற்ற அண்ணை ஒருவர் வேறு கேள்வி கேட்டார்: "தம்பி, மிதவைக்கு எத்தனை கிலோ மிஞ்சும்?"

அன்றிரவே கொப்பியோடு உட்கார்ந்தேன். முதலில் ஆசைப்பட்டது ஸெனித் சிஎச் 701, சாமான்களாக வாங்கி வீட்டில் பொருத்தும் சின்ன விமானம். பாரமெல்லாம் சேர்த்து அது தூக்கக்கூடிய முழு எடை 500 கிலோ. வெற்று எடை, இரண்டு டாங்கி பெட்ரோல், இரண்டு பேருக்கு 150 கிலோ எல்லாம் கழித்தால் மிதவைக்கு மிஞ்சுவது 30 கிலோ அளவுதான். மனமில்லாமல் விட்டேன். அதே நிறுவனத்தின் சிஎச் 750 ஸ்டோலின் முழு எடை 653. அதே கழித்தலில் 86 மிஞ்சியது. தரைச் சில்லுகளைக் கழற்றினால் இன்னும் கொஞ்சம். அதற்குள் மிதவை, அதன் சில்லுகள், அவற்றைத் தூக்கும் பம்ப் எல்லாம் அடங்கவேண்டும். மிதவைகள் இரண்டும் சேர்ந்து முழு எடையின் 180 சதவீதத்தைத் தாங்கவேண்டும் என்பதால், ஒவ்வொன்றும் 588 கிலோவைத் தாங்கவேண்டும்.

சில்லு இல்லாத மிதவை பாரம் குறைவு, உண்மைதான். ஆனால் பொல்கொட ஏரி பாணந்துறையில் கடலோடு சேர்கிறது, உப்பு ஏறும். பறந்து முடிந்ததும் இரத்மலானைக்குக் கொண்டுவந்து நல்ல தண்ணீரில் கழுவ எனக்குச் சில்லு வேண்டும். "சில்லை இறக்கினபடி தண்ணியில இறங்கினா குப்புறப் பிரட்டிப்போடும், ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்" என்றார் அண்ணை.

முதலில் வாலிலுள்ள சுக்கானுக்குரிய சாமான்களை மட்டும் எடுப்பித்தேன். துளைபோட்டு, பிசிறு தட்டி, கிளீக்கோ எனும் செப்பு நிறத் தற்காலிகப் பிடிப்பு ஊசிகளால் அலுமினியத் தகடுகளைப் பிடித்து, ரிவெட் அடித்தேன். தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடத்துக்குப் பிரைமர் எனும் அரிப்புத் தடுக்கும் அடிப்பூச்சு பூசவில்லை. உள்ளே இருப்பதுதானே என்று நினைத்துவிட்டேன். தென்மேல் பருவமழை முடிந்து பார்த்தால் விளிம்போரமாக மா தூவியதுபோல் வெள்ளைத் தூள், உப்புக் காற்றில் அலுமினியம் அரித்திருந்தது. கடலிலிருந்து வீடு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான். அந்தப் பக்கத் தகட்டு ரிவெட்டுகள் முழுவதையும் துளைத்தெடுத்து, தேய்த்துக் கழுவி, எபொக்சி பிரைமர் பூசி, திரும்ப அடிக்க ஐந்து வாரம் போனது. இப்போது சேரும் முகம் ஒவ்வொன்றுக்கும் பூசிய பிறகுதான் அடுத்த தகட்டைத் தொடுகிறேன். பிரைமருக்கும் எடை உண்டு, அதையும் கொப்பியில் எழுதுகிறேன்.

மிதவை இன்னும் வாங்கவில்லை. கட்டி முடித்த விமானத்தைத் தராசில் ஏற்றிப் பார்த்த பிறகுதான் அதற்குக் காசு கட்டுவேன்.