அப்பாவிடம் சொல்லாதீர்கள் என்று கேட்கும் மகனுக்கு என்ன பதில்?

புற்றுநோய்ப் பிரிவில் பயிலும் முதுநிலை மருத்துவ மாணவர்களுக்கு, நோயாளிகளிடமும் குடும்பத்தாரிடமும் பேசும் முறையைப் பயிற்றுவிக்கும் பணியில் ஈடுபட்டிருக்கிறேன். நம் ஊரில் இந்தப் பயிற்சியை ஓபி அறைக்கு வெளியே உள்ள நடைக்கூடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பயாப்சி ரிப்போர்ட்டைக் கையில் பிடித்தபடி மூத்த மகனோ மருமகனோ மருத்துவரைத் தனியே நிறுத்தி, "டாக்டர், அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார்" என்று கெஞ்சும் இடம் அதுதான்.

கெட்ட செய்தியை நோயாளியிடம் சொல்வதற்கு உலகெங்கும் பரவலாகக் கற்பிக்கப்படுவது, மருத்துவர்கள் வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் முதலியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஸ்பைக்ஸ் என்னும் ஆறு படிநிலை முறை. தொந்தரவில்லாத இடத்தில் நோயாளியோடு உட்கார வேண்டும். அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்க வேண்டும். அதன் பிறகே செய்தியைச் சிறிது சிறிதாகச் சொல்லி, எழும் அழுகைக்கும் கோபத்துக்கும் இடங்கொடுத்து, அடுத்துச் செய்ய வேண்டியதை அவரோடு சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். நானும் இதைத்தான் கற்பிக்கிறேன். ஆனால் நம்மிடையே ரிப்போர்ட் நோயாளியின் கைக்குப் போவதற்கு முன்பே குடும்பத்தின் கைக்குப் போய்விடுகிறது. ஜப்பானிய மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளின் விருப்பங்களை ஆராய்ந்து, குடும்பத்தாரையும் கருத்தில் கொண்ட ஷேர் என்னும் முறையை வகுத்துக்கொண்டார்கள். அத்தகைய உழைப்பு நமக்கும் தேவை.

மறைப்பது நம் பண்பாடு என்று சொல்லி இதைக் கடந்துவிடவும் கூடாது. அமெரிக்காவில் 1961இல் வெளியான ஓர் ஆய்வில், பதிலளித்த மருத்துவர்களில் 90 சதவீதம் பேர் புற்றுநோய் என்பதை நோயாளியிடம் பொதுவாகச் சொல்வதில்லை என்றார்கள். அதே கேள்விகளை வைத்து நடத்தி 1979இல் வெளியிட்ட ஆய்வில் 97 சதவீதம் பேர் சொல்வதையே விரும்புவதாகத் தெரிவித்தார்கள். ஒரு தலைமுறைக்குள் வழக்கம் தலைகீழாகிவிட்டது.

பயிற்சியில் ஒரு மாணவர் மருத்துவராகவும், அனுபவமுள்ள செவிலியர் ஒருவர் நோயாளியின் மகளாகவும் நடிப்பார்கள். மகள் அந்த வேண்டுகோளை வைத்ததும் பெரும்பாலான மாணவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: நோயாளியின் உரிமையைப் பற்றி விளக்கவுரை ஆற்றுகிறார்கள், அல்லது "சரிம்மா, சொல்லல" என்று தப்பித்துக்கொள்கிறார்கள். இரண்டுமே அந்தப் பெண்ணைத் தனியே விட்டுவிடுகின்றன. அவளிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் கீமோ எத்தனை முறை, செலவு எவ்வளவு என்று மாணவர் பேச ஆரம்பித்துவிட்டால் காட்சியை அங்கேயே நிறுத்தி மறுபடியும் செய்யச் சொல்கிறேன். காத்திருந்தால் உண்மைக் காரணம் வெளிவரும்: இதே நோயில் சித்தப்பா சாப்பாட்டை மறுத்து இறந்தது, தங்கையின் கல்யாணத் தேதி குறித்திருப்பது, வீட்டை அடமானம் வைக்க அப்பா சம்மதிக்கமாட்டார் என்ற அச்சம். பிறகு, "நானா வலியப் போய்ச் சொல்ல மாட்டேன்மா. ஆனா அவரே கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன். நீங்களும் கூட இருங்க, அவருக்கு என்ன தெரியும்னு முதல்ல கேப்போம்" என்று சொல்ல முடியும். அவர் ஏற்கெனவே ஊகித்திருப்பது பல நேரங்களில் அப்போது தெரியவரும். கரண்ட் வைக்கும் (கதிர்வீச்சு சிகிச்சை) பிரிவின் வரிசையில் தினமும் காத்திருப்பவருக்குப் பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிடமாட்டாரா என்ன?

இதையெல்லாம் அனுபவமே கற்றுத்தரும் என்று சொல்லும் மூத்த மருத்துவர்களை நான் மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, புற்றுநோய் மருத்துவர்களின் ஏறத்தாழ 400 உரையாடல்களின் ஒலிப்பதிவை ஆராய்ந்தது. நோயாளி தம் வேதனையை வெளிக்காட்டிய தருணங்களில் 22 சதவீதத்தில் மட்டுமே, அவரை மேலும் பேசவைக்கும் விதமாக மருத்துவர் பதிலளித்திருந்தார். அவர்கள் அனுபவமற்றவர்கள் அல்லர். மறுபுறம், பிரிட்டனில் லெஸ்லி ஃபாலோஃபீல்டு 160 புற்றுநோய் மருத்துவர்களைக் கொண்டு நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று நாள் பயிற்சி பெற்றவர்கள் கூடுதலாகக் கேள்வி கேட்டார்கள், பரிவையும் கூடுதலாக வெளிப்படுத்தினார்கள். தையல் போடும் கையைப் போலவே பேசும் வாய்க்கும் செய்து பழகுவதும் திருத்துவதற்கு ஓர் ஆளும் தேவைப்படுகின்றன.

2019 முதல் நம் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் அறமும் உரையாடல் திறனும் சேர்க்கப்பட்டிருப்பது பெரிய முன்னேற்றம். இருப்பினும், நான் பார்த்த அளவில், பல இடங்களில் அது விரிவுரையாகவே முடிந்துவிடுகிறது. வார்டுச் செவிலியர்களுக்கு அதுகூடக் கிடைப்பதில்லை. மருத்துவர் வீட்டுக்குப் போனபின், மகனும் தூங்கியபின், "சிஸ்டர், எனக்கு என்ன நோய்னு நீங்களாவது சொல்லுங்க" என்று நோயாளி கேட்பது இரவுப் பணியில் இருக்கும் அவர்களைத்தான். ஆகவே, அடுத்த தொகுதியிலிருந்து செவிலியர்களை நடிப்பதற்கு மட்டும் அழைக்காமல், மாணவர்களோடு சமமாக உட்காரவைத்துப் பயிற்சியளிக்க வேண்டும் என்று துறைத்தலைவரிடம் கேட்டிருக்கிறேன்.