வேப்பூர் வரை போன வாட்டர் பம்ப்

திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு ஜெயங்கொண்டம் திரும்பிக்கொண்டிருந்தோம். விருத்தாசலத்தில் இறங்கப் போகிறோம் என்று நானோ மனைவியோ மகனோ அத்தையோ நினைக்கவில்லை, வண்டி மட்டும் முடிவு செய்து வைத்திருந்தது போல. உளுந்தூர்பேட்டையில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பியதிலிருந்தே ஒரு முனகல். வெப்பம் காட்டும் முள் மெதுவாக ஏறிக்கொண்டே வந்து, விருத்தாசலம் ஊருக்குள் நுழையும்போது உச்சிக்குப் போய் நின்றுவிட்டது. பின்சீட்டிலிருந்து அத்தை பரவசமாக, "சாம்பிராணி வாசனை வருது பாருங்க மாப்பிள்ளை, கோயில் கிட்டக்கதான் இருக்கும்" என்றார். நான் பானெட்டைப் பார்த்தேன். புகை அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

தள்ளிக்கொண்டு போகும் தூரத்திலேயே ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது, அதை அத்தை கடவுள் கணக்கில் எழுதிக்கொண்டார். (வண்டி நின்றது யார் கணக்கு என்று நான் கேட்கவில்லை.) மெக்கானிக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், துணியில் கையைத் துடைத்தார், ஐசியூவிலிருந்து வெளியே வரும் டாக்டர் முகத்தை வைத்துக்கொண்டு, "வாட்டர் பம்ப் போயிடுச்சு சார்" என்றார். பழைய மாடல், உள்ளூரில் கிடைக்காது. ஆனால் கடலூரில் ஒரு கடையில் இருக்கிறது, பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னால் மூன்றரைக்கு வந்துவிடும், அஞ்சு மணிக்கெல்லாம் நீங்கள் கிளம்பிவிடலாம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

இந்தப் 'பஸ்ஸில் போட்டுவிடுவது' இருக்கிறதே, இதற்கு இணையான ஏற்பாடு உலகத்தில் வேறு எங்காவது இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். பெட்டியை டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, அவர் கையில் ஒரு தொகையைக் கொடுத்து, பஸ் நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் முடிந்தது. ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது, ஓடிபி கிடையாது. பம்ப்பிலிருந்து பிரியாணி வரைக்கும் இப்படித்தான் ஊர் ஊராகப் பயணம் செய்கிறது.

போகிற போக்கில் மெக்கானிக் இன்னொன்றும் கேட்டார். "யார்கிட்ட வாங்கின வண்டி சார் இது? பம்ப்புல ஏற்கனவே லீக் இருந்திருக்கு, யாரோ எம்சீல் வெச்சு அடைச்சிருக்காங்க பாருங்க." நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டு, "அதெல்லாம் நல்ல கை பட்ட வண்டிதான்ப்பா" என்றார். அந்த நல்ல கை அவருடைய ஒரே மகனுடையது. அதாவது என் மச்சானுடையது. மனைவி என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தாள்.

சரி, அதுவரை என்ன செய்வது? கோயிலுக்குப் போகலாம் என்றார் அத்தை. மதியம் நடை சாத்திவிடுவார்கள், சீக்கிரம், சீக்கிரம் என்று எங்களை ஆட்டோவில் ஏற்றினார். வீட்டில் மாடிக்குக் காய வைத்த துணி எடுக்கப் போகச் சொன்னால் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறவர் இவர். விருத்தகிரீஸ்வரர் கோயிலில் ஆழத்துப் பிள்ளையார் என்று ஒருவர் இருக்கிறார், பெயருக்கு ஏற்றபடி தரை மட்டத்துக்குக் கீழே குடியிருக்கிறார், படி இறங்கித்தான் பார்க்க வேண்டும். நான் தயங்கி, "அத்தை, உங்க முட்டி..." என்று ஆரம்பிப்பதற்குள் அவர் கீழே போய் மூன்று தோப்புக்கரணமும் போட்டு முடித்திருந்தார். திரும்பி மேலே ஏறும்போதுதான் முட்டி ஞாபகம் வந்து, பம்ப் வந்ததும் மருந்துக்கடைக்குப் போக வேண்டும் என்றார்.

உள்ளே ஒரு பெரியவர் எங்களோடு ஒட்டிக்கொண்டார். தோளில் துண்டு, கையில் மஞ்சப்பை, ஊரைப் பற்றிச் சொல்ல யாராவது கிடைப்பார்களா என்று காலையிலிருந்து காத்திருந்தவர் மாதிரி இருந்தார். "தம்பி, இந்தக் கோயில்ல எல்லாமே அஞ்சு. கோபுரம் அஞ்சு, பிரகாரம் அஞ்சு, கொடிமரம் அஞ்சு, தீர்த்தம் அஞ்சு, தேர் அஞ்சு, நந்தி அஞ்சு..." மகன் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தான், சாமிக்கும் அஞ்சு பெயர் என்றபோது அவனுக்கு விரல் தீர்ந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் மெதுவாக என் காதில், "அதான் வண்டியும் அஞ்சு மணிக்குன்னு சொன்னாரா?" என்றான்.

பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி கல்லால் எடுத்துக் கட்டிய கோயில் இது. பெரியவர் அந்த அம்மாவைப் பற்றிப் பேசும்போது ஏதோ பக்கத்துத் தெருவில் இருந்து போன வாரம் காலமானவரைப் பற்றிப் பேசுவது போல, "கணவர் போனப்புறம் எத்தனை கோயிலைக் கட்டினாங்க தெரியுமா, சும்மா உக்காரவே இல்ல" என்றார். வெளிப் பிரகாரத்தில் இருபத்தெட்டு ஆகமங்களுக்கும் ஒவ்வொன்றாக முருகனே லிங்கம் வைத்துப் பூசை செய்ததாகச் சொல்லும் இடம் இருக்கிறது. அத்தை ஒவ்வொன்றின் முன்பும் நின்று கும்பிட ஆரம்பித்தார். இருபத்தெட்டும் முடிவதற்குள் நடை சாத்திவிடுவார்களே என்று என் மனைவி அவரைப் பாதியில் கிளப்பப் பார்த்தது நடக்கவில்லை. "ஒருத்தரை விட்டுட்டுப் போனா அவர் என்ன நினைப்பாரு?" என்பது அத்தையின் கேள்வி. கல்யாண வீட்டில் வெற்றிலை பாக்கு கொடுக்கும்போது கேட்ட அதே கேள்வி.

பெரியவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது குரு நமசிவாயர் கதை. திருவண்ணாமலையிலிருந்து சிதம்பரத்துக்குப் போகிற வழியில் இந்த ஊரில் தங்கினவர், அதாவது எங்களைப் போல வழியில் நின்றவர். நல்ல பசி. அம்மன் பெரியநாயகியைக் கிழத்தி, கிழத்தி என்று வரிக்கு வரி அழைத்து, சோறு கொண்டு வா என்று பாடிவிட்டார். அம்மன் வந்தாள், தள்ளாத கிழவியாகவே வந்தாள். 'என்னைக் கிழவி என்று பாடினாயே, கிழவியால் எப்படிச் சோறு சுமக்க முடியும்?' என்று கேட்டாளாம். மனிதர் சுதாரித்துக்கொண்டு இளமையானவள் என்று மாற்றிப் பாடினார், உடனே இளம்பெண்ணாக வந்து அன்னமிட்டாள். அதனால்தான் இந்தக் கோயிலில் பெரியநாயகிக்கும் சன்னிதி, பாலாம்பிகைக்கும் சன்னிதி. என் மகன் இந்தக் கதையை வழக்கத்துக்கு மாறாக மிகுந்த கவனத்தோடு கேட்டுக்கொண்டிருந்தான், அப்போதே நான் உஷாராகியிருக்கலாம்.

ஏனென்றால் எங்களிடம் ஒரு எவர்சில்வர் தூக்கு இருந்தது. கல்யாண வீட்டில் கொடுத்த முறுக்கும் அதிரசமும். 'ஊருக்குப் போய் எல்லாருக்கும் பங்கு வெச்சுட்டுத்தான் திறக்கணும்' என்று அத்தை திண்டிவனத்திலேயே சட்டம் போட்டுவிட்டார், வண்டி நின்றபோதுகூட என்னைவிட அந்தத் தூக்கைத்தான் முதலில் இறக்கச் சொன்னார். பையன் காலையிலிருந்து, "பாட்டி, ஒரே ஒரு முறுக்கு" என்று கேட்டும் நடக்கவில்லை. சன்னிதித் தெருவில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு ஒர்க்‌ஷாப் வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். அவன் பாட்டியின் முன்னால் போய்க் கையைக் கூப்பி நின்றுகொண்டு, ராகம் போட்டு, "சின்ன வயசுப் பாட்டியே, அழகான பாட்டியே, முடி கருப்பாக இருக்கும் பாட்டியே, முறுக்கு கொண்டு வா" என்றான். அத்தை முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள எவ்வளவோ முயன்றார். தூக்கு திறந்தது. மெக்கானிக்குக்கு இரண்டு அதிரசம், டீக்கடைக்காரருக்கு ஒன்று, காற்றடிக்க வந்த யாரோ ஒருவருக்கு முறுக்கு.

இப்போது பம்ப் விஷயம். மூன்றரைக்கு வரும் பஸ்ஸுக்காக ஒர்க்‌ஷாப் பையன் மூன்றேகாலுக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டான். நாலு மணிக்கு வெறுங்கையோடு திரும்பி வந்தான். பஸ் வந்தது, நின்றது, கிளம்பிவிட்டது, இவன் இன்னொரு பஸ்ஸின் டிரைவரிடம் பெட்டி கேட்டு வாக்குவாதம் செய்துகொண்டிருந்திருக்கிறான். பெட்டி இருந்தது சேலம் போகிற பஸ்ஸில். பெட்டி இப்போது சேலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று சொல்வோமே, அது நடந்ததே இந்த ஊரில்தான். இங்கே பாடிப் பெற்ற பன்னிரண்டாயிரம் பொன்னைக் கொண்டு போவதற்கு வழியில்லாமல், சுந்தரர் அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் போய் எடுத்தார். போடுவதற்கு முன்னால் ஒரு துண்டை வெட்டிச் சாம்பிளாகக் கையில் வைத்துக்கொண்டாராம், அடுத்த ஊரில் கிடைப்பது அதே தரம்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்க! சிவபெருமானே டெலிவரி செய்தாலும் சரிபார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று நினைத்த அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை. அங்கேயும் எடுத்தவுடன் கிடைக்கவில்லை, குளத்தில் இறங்கித் துழாவிக்கொண்டு நின்றபோது மனைவி பரவையார் படிக்கட்டில் நின்று கிண்டலடித்தார் என்கிறது கதை. இதை மதியம் பெரியவர் சொன்னபோது எல்லாரும் சிரித்தோம். இப்போது கடலூரில் போட்டதைச் சேலம் ரோட்டில் தேட வேண்டிய நிலைமையில், என் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டே, "சாம்பிள் ஏதாவது வெட்டி வெச்சுக்கிட்டீங்களா?" என்றாள்.

மெக்கானிக் கடலூர்க் கடைக்குப் போன் செய்ய, கடைக்காரர் டிரைவருக்குப் போன் செய்ய, டிரைவர் எடுக்காமல் கண்டக்டர் எடுக்க, கடைசியில் வேப்பூர் கூட்ரோட்டில் ஒரு டீக்கடையில் பெட்டியை இறக்கி வைப்பதாக முடிவானது. ஒர்க்‌ஷாப் பையனோடு பைக்கில் நானும் போனேன், அவனைத் தனியாக அனுப்பினால் பெட்டிக்குப் பதிலாக வேறு டீக்கடையில் வேறு வாக்குவாதம் நடக்கும் என்ற பயத்தில். பின்சீட்டு என்று ஒன்று இருந்தது, கால் வைக்கும் கம்பி ஒரு பக்கம் மட்டும்தான் இருந்தது. விருத்தாசலம் கோபுரத்தின் உட்சுவரில் பரதநாட்டியக் கரணங்களைச் சிற்பமாக வரிசையாகச் செதுக்கி வைத்திருப்பார்கள், அதில் ஒற்றைக் காலை மடக்கித் தூக்கியபடி நிற்பவர்களை எல்லாம் மதியம் ரசித்துப் பார்த்துவிட்டு வந்தேன். வேப்பூர் வரைக்கும் நான் அந்த நிலையில்தான் போனேன்.

டீக்கடையில் பம்ப் பத்திரமாக இருந்தது, பன் பட்டர் ஜாம் பாட்டிலுக்குப் பக்கத்தில். திரும்பும் வழியில், ஊருக்குக் கொஞ்சம் முன்னால் மணவாளநல்லூரில் பையன் வண்டியை நிறுத்தினான். "ஒரே நிமிஷம் சார், கொளஞ்சியப்பரைப் பாத்துட்டு வந்துடறேன், என் பிராது ஒண்ணு நிலுவையில இருக்கு."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொளஞ்சியப்பர் கோயில் சாமி போலீஸ் ஸ்டேஷன் மாதிரி வேலை செய்பவர். கடன் வாங்கித் திருப்பித் தராதவன், களவு கொடுத்த நகை, சேர்ந்து வாழாத கணவன் என்று எதுவானாலும் வெள்ளைத் தாளில் புகார் எழுதி, சாமி பாதத்தில் வைத்து வாங்கி, மடித்து நூல் கட்டி, முனியப்பர் சன்னிதியில் வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். விவகாரம் முடிந்துவிட்டால் வந்து முறைப்படி வாபஸ் வாங்க வேண்டும், அதற்கு ராஜினாமா என்று பெயர். இதில் என்னை மலைக்க வைத்தது படிப்பணம். உங்கள் ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்த்து அதற்கும் காசு கட்ட வேண்டும், சாமி விசாரணைக்குப் போய் வர வேண்டாமா? கொத்துக் கொத்தாகத் தாள்கள் தொங்கின. "யார் மேலடா கட்டியிருக்க?" என்று பையனைக் கேட்டேன். "எங்க ஓனர் மேலதான் சார், தீபாவளி போனஸ் பாக்கி" என்றான், பம்ப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நான் எதுவும் பேசவில்லை.

ஒர்க்‌ஷாப் வந்து சேர்ந்தபோது ஐந்தரை தாண்டிவிட்டது. பம்ப்பை மாட்டி, தண்ணீர் ஊற்றி, ஓட்டிப் பார்த்து, இன்னொரு ஹோஸும் போய்விட்டது என்று கண்டுபிடித்து அதையும் மாற்றி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. பில் ஐயாயிரத்துச் சொச்சம். "ஊர்ல எல்லாம் அஞ்சுன்னா மணி மட்டும் ஏம்ப்பா எட்டு?" என்று மகன் மெக்கானிக்கிடமே கேட்டான், அவர் பில்லில் இருந்த சொச்சத்தைக் கழித்துக்கொண்டார்.

கிளம்பும்போது கொளஞ்சியப்பரைப் பற்றி நான் சொல்ல, அத்தைக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அடடா, அவ்வளவு சக்தியா? நம்மளும் ஒண்ணு கட்டிட்டுப் போயிடலாமே. இங்கேர்ந்து எழுதினா கிலோமீட்டர்கூடக் கம்மி, படிப்பணம் மிச்சம்."

"கட்டலாம் அத்தை, ஜெயங்கொண்டம் விலாசத்தைத்தான் போடணுமாம்" என்றேன். "லீக் ஆகிற பம்ப்பை எம்சீல் வெச்சு அடைச்சு, சிங்கம் மாதிரி ஓடும்னு சொல்லி வித்தவங்க மேல எழுதலாம். பேரு, விலாசம் எல்லாம் நமக்குத் தெரியுமே."

பின்சீட்டில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"இந்தக் கார், பைக்குக்கெல்லாம் போய் சாமியைத் தொந்தரவு பண்ணக் கூடாது மாப்பிள்ளை" என்றார் அத்தை. அப்புறம் போனை எடுத்து மகனுக்குப் போட்டு, "வீட்டுக்கு வந்துட்டே இருக்கோம்டா, வண்டியா, வண்டிக்கு என்ன, சும்மா பறக்குது" என்றார்.