செத்த இறாலுக்கு ஹீட்டர்

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கந்தப்பளைப் பக்கம் உள்ள எங்கள் வீடும் ஏறக்குறைய அதே உயரம்தான். இப்படிப்பட்ட இடத்தில் கடல்மீன் வளர்க்கப் பணம் படைத்தவர்கள் துணியலாம், அல்லது பணத்தின் அருமை தெரியாதவர்கள் துணியலாம். நான் மூன்றாவது வகை. பணமும் இல்லாமல், அதன் அருமையும் நன்றாகத் தெரிந்து, வீட்டில் ஏற்கெனவே இருந்த தங்கமீன் தொட்டியையே கடலாக்கிவிட்டால் தொட்டிச் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டவன். அந்தக் கணக்கு பிழையென்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். தொட்டிச் செலவு உண்மையாகவே மிச்சமாயிற்று. மிச்சமான ஒரே செலவும் அதுதான்.

மூன்றடி நீளமான அந்தக் கண்ணாடித் தொட்டி நூறு லீற்றர் அளவு தண்ணீர் பிடிக்கும். தங்கமீன்கள் சித்தப்பா வீட்டுச் சீமெந்துத் தொட்டிக்குக் குடிபெயர்ந்தன. நீலச் சாயம் பூசிய கற்கள் அம்மாவின் பூச்சாடிகளுக்குப் போயின. தண்ணீரைப் பழுப்பாக்கி அமிலத்தன்மையையும் கூட்டும் மரக்கட்டை அடுப்படிக்குப் போயிற்று. மீன்களுக்கு வெண்புள்ளி நோய் வந்தபோது செப்புக் கலந்த மருந்து ஊற்றப்பட்டிருந்தால், அந்தச் செப்பு கற்களிலும் சிலிக்கன் ஒட்டிலும் தங்கியிருந்து பின்னாளில் நண்டு, இறால் வகைகளைக் கொன்றுவிடும் என்பார்கள். எங்கள் தங்கமீன்களோ மருந்துச் செலவு வைக்காமலே வளர்ந்த சிக்கனமான பிள்ளைகள் என்பதால், வினாகிரி ஊற்றித் தேய்த்துக் கழுவியதோடு தொட்டி தயாராகிவிட்டது.

அடுத்தது உப்பு. என் தாய்மாமா இந்தக் கட்டத்தில்தான் உள்ளே நுழைந்தார்.

“கடலுங்கிறது என்னடா, உப்புத் தண்ணிதானே? கடையில பக்கெட் உப்பு இருக்கு. வாங்கிக் கரைச்சு விடு.”

ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது என்பதால், நூறு லீற்றருக்கு மூன்றரைக் கிலோ போதும் என்ற அளவில் மாமாவின் கணக்கு கவர்ச்சியானதுதான். ஆனால் கடல்நீரில் கரைந்திருப்பவற்றில் சோடியமும் குளோரைட்டும் ஏறக்குறைய 85 சதவீதம். எஞ்சிய பங்கில்தான் மக்னீசியம், கல்சியம், பொற்றாசியம், சல்பேற்று முதலியவை இருக்கின்றன. புத்தளத்திலோ, ஆனையிறவிலோ, அம்பாந்தோட்டையிலோ உப்பளப் பாத்திகளில் கடல்நீரை வற்றவிடும்போது, முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில் படிந்துவிடுகின்றன. அதன் பிறகு உப்பு விளைகிறது. மக்னீசியம் நிறைந்த கசப்பு நீர் கடைசியில் வடித்து விடப்படுகிறது. ஆகவே நம் சாம்பாருக்கு ஏற்ற விதத்தில் சுத்தமாக்கப்பட்ட அந்த உப்பு, மீனுக்கு வேண்டிய பாதியைப் பாத்தியிலேயே விட்டுவிட்டு வருகிறது. இதையெல்லாம் விளக்கி முடித்தபோது மாமா சொன்னது ஒன்றுதான்: “அப்போ கடலையே கொண்டு வா.”

கிண்டலாகச் சொல்லப்பட்டாலும் அது உருப்படியான யோசனை. வெளிநாட்டிலிருந்து வரும் தயார் உப்புக் கலவை மூடையின் விலையைக் கேட்டிருந்த எனக்கு, கடல் இலவசம் என்ற எண்ணமே தெம்பூட்டியது. எங்கள் ஊரிலிருந்து கரட், லீக்ஸ், கோவா ஏற்றிக்கொண்டு இரவில் பேலியகொடை மெனிங் சந்தைக்குப் போகும் லொறிகள் மறுநாள் பெரும்பாலும் வெறுமையாகத்தான் திரும்பும். அப்படியொரு லொறியின் சாரதி அண்ணனிடம் இருபது லீற்றர் கேன்களைக் கொடுத்து, வரும்போது கடல்நீர் நிரப்பி வரும்படி கேட்டுக்கொண்டேன். அவர் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. வழிச் சோதனையில் கசிப்பு எனும் கள்ளச்சாராயம் என்று சந்தேகித்து ஒரு கேனைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்த அதிகாரியின் முகத்தை அவர் இன்றும் நடித்துக் காட்டுவார்.

கடல் வந்துவிட்டது, அது எவ்வளவு கடல் என்று அளக்க வேண்டுமே. அதற்கென்றே செய்யப்பட்ட கருவியின் விலைக்கு இன்னொரு தொட்டி வாங்கலாம். அந்த யோசனையில் நின்றபோதுதான் பால் சேகரிக்கும் நிலையத்தில் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் லக்டோமீற்றர் ஞாபகத்துக்கு வந்தது. அடியில் ஈயக்குண்டு நிறைந்த குமிழும், மேலே பென்சில் மொத்தத்தில் கழுத்தும், கழுத்துக்குள் சுருட்டி வைத்த அளவுத் தாளுமாக இருக்கும் அந்தக் கண்ணாடிக் குழாயில் 15 முதல் 40 வரை எண்கள் இருக்கும். 25 என்றால் திரவத்தின் ஒப்படர்த்தி 1.025, அதாவது நன்னீரைப் போல 1.025 மடங்கு கனம் என்று பொருள். கலப்படமில்லாத பால் 28க்கு மேல் காட்டும். நல்ல கடல்நீர் 25, 26 அளவில் காட்ட வேண்டும். கடலையும் பாலையும் ஒரே கோலால் அளந்துவிடலாம் என்பது மலையகத்து ஏழைகளுக்குப் பௌதிகவியல் தந்த மானியம். போதாததற்கு, அந்தக் கருவி 15.5 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்கு அளவிடப்பட்டது. கொழும்பில் அந்தக் குளிருக்கு ஐஸ் தேட வேண்டும். எங்கள் ஊரில் ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

நிலையத்துப் பொறுப்பாளர் பெரியவர் நான் நீட்டிய போத்தலை வாங்கி உயரமான குவளையில் ஊற்றி, கருவியை மெதுவாக இறக்கி, அது ஆடி நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக் குனிந்து பார்த்தார். 17இல் நின்றது.

“தம்பி, மூனுல ஒரு பங்கு தண்ணி கலந்திருக்கே.”

“தண்ணிதான் ஐயா அது.”

“அது தெரியுது. தண்ணியில தண்ணி கலந்திருக்குன்னு சொல்றேன்.”

அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. விசாரித்ததில், சாரதி அண்ணன் சந்தைக்குப் பக்கத்திலேயே வேலை முடியட்டும் என்று முகத்துவாரத்தில் கேன்களை நிரப்பியிருக்கிறார். களனி கங்கை கடலில் கலக்கும் இடம் அது. மலையகத்தில் பெய்த மழையில் ஒரு பகுதி களனி வழியாகக் கொழும்புவரை ஓடி, அங்கே கேனில் ஏறி, லொறியில் சவாரி செய்து மறுபடியும் மலைக்கே வந்து சேர்ந்திருந்தது. ஆற்றோடு வரும் நகரத்து அழுக்கும் அதில் இருக்கும் என்பதால் தொட்டிக்கு அது ஆகாது. செடிகளுக்கு ஊற்றினால் செடி செத்துவிடும். மாமா மட்டும் மகிழ்ச்சியோடு அதைக் கேட்டு வாங்கி, மழை நாட்களில் அட்டை மொய்க்கும் ஒற்றையடிப் பாதையில் தெளித்து, இத்தனை காலத்தில் என் முயற்சியால் விளைந்த முதல் பயன் என்று அறிவித்தார்.

அடுத்த முறை கல்கிசைக் கரையில், ஆற்று வாயிலிருந்து விலகி, மழை இல்லாத நாளாகப் பார்த்து எடுத்த நீர் 25 காட்டியது. “இது பரவாயில்ல, எடுத்துக்கலாம்,” என்று பெரியவர் ஒப்புதல் தந்தார்.

அடித்தளத்துக்குப் பவளம் வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். நம் நாட்டில் பவளப்பாறையை உடைத்து எடுப்பது சட்டவிரோதம். அது சட்டபூர்வமாக இருந்தாலும் செய்யக்கூடாத காரியம். கோழித்தீவனக் கடையில், முட்டை ஓடு தடிக்க வேண்டும் என்று கோழிகளுக்குப் போடும் நொறுக்கிய சிப்பி ஓடு கிலோக் கணக்கில் கிடைக்கிறது. அதுவும் சுண்ணாம்புதான். மாவு போகும்வரை அலசிப் பரப்பிவிட்டு, பக்றீரியா குடியேறுவதற்கு உடைந்த மண்சட்டித் துண்டுகளை அடுக்கினேன். பார்வைக்கு அது கடலடியாக இல்லை, ஆடி மாதத்துக் குப்பைமேடாக இருந்தது. ஆனாலும் வேலை செய்தது.

இனித்தான் இந்தப் பதிவின் கதாநாயகன் வருகிறான்.

புதிய தொட்டியில் உடனே மீன் விட முடியாது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்றீரியாக்கள் முதலில் பெருக வேண்டும். பழைய பில்டரில் இருந்த நன்னீர்ப் பக்றீரியாக்கள் இந்த உப்பில் தாக்குப்பிடிக்க மாட்டா. புதியவை உருவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை அவற்றுக்குத் தீனியாக அமோனியா வேண்டும். அதற்கான ஆகக் குறைந்த செலவு வழி, ஒரு பச்சை இறாலைத் தொட்டியில் போட்டு அழுக விடுவதுதான். அதோடு, வெதுவெதுப்பான நீரில்தான் பக்றீரியா விரைவாகப் பெருகும். ஆகவே இரண்டு ஹீட்டர்களும், அலை எழுப்பும் ஒரு மோட்டாரும், மேலே ஒரு வெள்ளை விளக்கும் பூட்டப்பட்டு, தை மாதத்துப் பனி கண்ணாடி ஜன்னலில் படிந்து, வீடு முழுவதும் பத்துப் பாகைக் குளிரில் விறைத்துக் கிடக்க, ஒரு செத்த இறால் மட்டும் 26 பாகை இளஞ்சூட்டில், மெல்லிய அலையில், வெளிச்சத்தின் நடுவே மல்லாந்து மிதந்துகொண்டிருந்தது.

என் அப்பாயி இரண்டு கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு அதன் எதிரே உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார்.

“உசுரோட இருக்கிற எனக்குக் கம்பளி. செத்துப்போன அதுக்கு ஹீட்டரு.”

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் தொட்டிக்குள் குனிந்து மீனைத் தேடிவிட்டு, இறாலைக் கண்டதும், துக்கம் விசாரிக்கும் குரலில் “எப்போ செத்துச்சு?” என்று கேட்டார்கள். வாங்கும்போதே செத்ததுதான் என்று சொன்னால் அவர்கள் என்னைப் பார்த்த பார்வையே வேறாகிவிடும். வாடையைப் பற்றி விரிவாக எழுதப் போவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் அம்மா தொட்டியின் முன்பக்கம் ஒரு சேலையைத் தொங்கவிட்டு, அதன் பிறகே சாமி விளக்கை ஏற்றினார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அமோனியா குறைந்துவிட்டதா என்றறிய நான் சோதனைக் குழாயில் எடுத்த தொட்டி நீரில் துளிமருந்து விட்டு, பச்சை நிறம் மங்கி மஞ்சளாகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதை அப்பாயி, இறாலுக்கு இரத்தம் சோதிக்கிறான் என்று பக்கத்து லயத்தில் சொல்லி வைத்திருந்தார்.

கரண்ட் பில் வந்தபோதுதான் மலையகத்தில் கடலுக்கு ஆகும் உண்மையான விலை உப்புக்கல்ல, சூட்டுக்கு என்பது வீட்டார் அனைவருக்கும் தெளிவாயிற்று. கொழும்பில் இதே தொட்டி வைத்திருப்பவர்கள் நீரைக் குளிரவைக்க வழி தேடுவார்கள். நாங்கள் வெளியே இருப்பதைவிடப் பதினைந்து பாகை கூடுதலாக நூறு லீற்றரைச் சூடாக்க வேண்டியிருக்கிறது. நமது கட்டண முறையில் யுனிட் கூடக் கூட ஒவ்வொரு யுனிட்டின் விலையும் ஏறுவதால், இறாலின் சொகுசுக்காக எங்கள் வீட்டு மின்குமிழ்களும் விலையுயர்ந்தவை ஆகிவிட்டன. மீன் வரும் ரிஜிபோம் பெட்டிகளைச் சந்தையில் வாங்கி வெட்டித் தொட்டியின் இரு பக்கங்களிலும் ஒட்டி, பின்புறம் சற்றுத் தள்ளி நிறுத்தி, மேலேயும் மூடி, வெப்பநிலையை 24க்கு இறக்கிய பிறகுதான் வீட்டில் பேச்சுவார்த்தை மீண்டது. சிக்கனமாகச் செய்ய நினைப்பவர்கள் உப்பில் மிச்சம் பிடிப்பதைவிட ரிஜிபோமில் முதலீடு செய்வதே மேல்.

அலை மோட்டாரில் மட்டும் நான் கை வைக்கவில்லை. எங்கள் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான்; உப்பு நீரோ நன்னீரைவிட ஐந்திலொரு பங்கு குறைவாகவே ஒட்சிசனைப் பிடித்து வைக்கும். இரண்டையும் பெருக்கினால், கடலோரத்து நன்னீர்த் தொட்டி மீனுக்குக் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் இங்கே மிஞ்சும். ஆகவே மேற்பரப்பு ஓயாமல் கலங்க வேண்டும். வற்றும் நீருக்கு ஈடாக நன்னீர்தான் ஊற்ற வேண்டும், ஏனெனில் ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு உள்ளேயே இருக்கும். இதை மாமா இன்னும் நம்பவில்லை. மழைநீருக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை என்றாலும், தகரக் கூரையில் விழுந்து வரும் நீரில் நாகம் என்ற உலோகம் (துத்தநாகம்) கரைந்திருக்கும் என்பதால், முற்றத்தில் பொலித்தீன் விரித்துப் பிடிக்கிறேன்.

ஒருவழியாக அமோனியாவும் நைத்திரைற்றும் சுழியமாகி, முதல் மீன் விடும் நாள் வந்தது. ஆரஞ்சில் வெள்ளைப் பட்டி போட்ட கோமாளி மீனை எதிர்பார்த்து உறவினர்கள் கூடியிருந்தார்கள். நான் கொண்டுவந்தது கறுப்பு மொலி. மத்திய அமெரிக்கக் கரையோரங்களிலும் கழிமுகங்களிலும் வாழும் இந்தச் சாதி மீன், சொட்டுச் சொட்டாக உப்பேற்றிப் பல மணிநேரம் பழக்கினால் முழுக் கடல்நீரிலும் நன்றாகவே வாழும். விலையோ கடல்மீனோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

மாமா கண்ணாடியருகே போய்ப் பார்த்தார். “இது நம்ம பக்கத்துக் கடையில நல்ல தண்ணியில விக்கிற மீனில்லையா?”

“ஆமா மாமா.”

“நல்ல தண்ணியைக் கொட்டிட்டு, கொழும்புல இருந்து கடலைக் கொண்டாந்து, அதுல நல்ல தண்ணி மீனை விட்டிருக்கே.”

இதற்குச் சொல்ல அறிவியல்பூர்வமான பதில் என்னிடம் இருந்தது. கேட்பதற்குத்தான் அங்கே ஆள் இல்லை.

மொலிகள் செழித்தன, குட்டியும் போட்டன. ஒரு மழை இரவில் மரம் விழுந்து மின்சாரம் அறுந்தபோது, பற்றரியில் ஓடும் காற்றுக்குழாயை விட்டுவிட்டு, சூடு இறங்காமலிருக்க அப்பாயியின் கம்பளிகளில் ஒன்றைத் தொட்டிக்குப் போர்த்தினேன். ஹீட்டர்தான் கிடைக்கவில்லை, இருந்த கம்பளியும் போயிற்று என்று அவர் விடியும்வரை இருட்டில் என் பரம்பரையைப் பற்றிப் பேசினார். அது அவருடைய பரம்பரையும்தான் என்பது பாதியில் நினைவு வந்து, அம்மாவின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மாதான் எதிர்பாராத விதமாகக் கட்சி மாறினார். எங்கள் ஊர்க் குளிரில் தோசை மா இரண்டு நாளானாலும் பொங்காது. அடுப்பருகே வைத்தும், கம்பளியில் சுற்றியும் தோற்றுப்போன தலைமுறைகள் உண்டு. தொட்டிக்கும் பின்புற ரிஜிபோமுக்கும் நடுவே ஒரு சட்டி கொள்ளும் இடைவெளி இருப்பதையும், அங்கே இரவு முழுவதும் இதமான சூடு நிற்பதையும் கண்டுபிடித்த அன்றிலிருந்து, காலையில் மா மூடியைத் தள்ளிக்கொண்டு எழும்பி நிற்கிறது. கரண்ட் பில் மறுபடியும் ஏறிய மாதத்தில், மொலிகளைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தொட்டியை மூடிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

“மீனைக் குடுக்கிறதுன்னா குடு,” என்றார் அம்மா, சட்டியை உள்ளே தள்ளிக்கொண்டே. “ஹீட்டர்ல கை வைக்காதே.”