தாழ்வாரம் அறுந்துபோகும் இடம்

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே தெருவோரம் பெரும்பாலும் உயர்ந்த மதில்கள்தான். மதிலில் ஒரு பெரிய கதவு, உள்ளே தோட்டம், அதற்கும் உள்ளே வீடு. வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் மதிலே கிடையாது. மரத்தூண் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், திண்ணை, பிறகு வாசற்கதவு. வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். மாடி வைத்தவர்கள் கீழே திண்ணையை விட்டுவைத்து, மேலே மட்டும் பிரெஞ்சு பாணியில் வளைவு சன்னல்களை வைத்துக்கொண்டார்கள். பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு முன்னின்று சீரமைத்த வைசியாள் வீதியில் இந்த வரிசையை இன்றும் பார்க்கலாம்.

மேற்குப் பக்கத்தில் புது வீடு கட்டுகிற பலர் மஞ்சள் பெயின்ட், வெள்ளைப் பட்டை, அச்சில் வார்த்த தூண் எல்லாம் ஒட்டி 'ஹெரிடேஜ்' என்கிறார்கள். ஆனால் முன்னால் ஐந்தடி விட்டு மதில் எழுப்பியிருப்பார்கள். இரண்டு பக்கமும் ஓடிவந்த தாழ்வாரம் அங்கே அறுந்துபோகும். அந்த அச்சுத் தூணே இல்லாமல், தெருக்கோட்டில் சுவர் எழுப்பித் திண்ணை வைத்திருந்தால் அந்த வீடு வரிசையில் சேர்ந்திருக்கும். தரைத்தளம் முழுவதையும் கார் நிறுத்தத் திறந்துவிடுவது இதைவிட மோசம்; பல் விழுந்த வாய்தான். பத்தடி அகலத்தில் ஒரு கதவு போதும், மிச்சத்தில் திண்ணை வரட்டும்.

பிளான் போடுமுன் இருபுறத்து வீடுகளிலும் நான்கு உயரங்களை அளந்துகொள்ளுங்கள்: திண்ணை, தாழ்வார விளிம்பு, மாடித்தளம், கைப்பிடிச்சுவர் உச்சி. பழைய வீட்டில் ஒரு தளம் 13, 14 அடி இருக்கும். இன்றைய கணக்கு 10 அடி. அப்படியே கட்டினால் உங்கள் சன்னல் பக்கத்து வீட்டுத் தளக்கோட்டுக்கு நேரே வந்து நிற்கும். தெருவைப் பார்த்த ஓர் அறை ஆழத்துக்குப் பழைய உயரத்தையே வைத்து, பின்னால் 10 அடித் தளங்களைப் போடலாம். நடுவில் சில படிகள் கூடும், அவ்வளவுதான்.

கூடுதல் மாடி வேண்டுமானால் பின்னுக்குத் தள்ளுங்கள். எவ்வளவு? தெரு அகலம் 20 அடி, கைப்பிடிச்சுவர் உச்சி 30 அடி, எதிர்ச்சாரியில் நிற்பவர் கண்மட்டம் 5 அடி என்றால், உச்சியிலிருந்து 10 அடி எழும்பும் மாடி 8 அடி பின்னால் போனாலே கண்ணில் படாது. சன்னலும் அகலத்தைப்போல இரு மடங்கு உயரமாக இருக்கட்டும். ஆறடிக்கு நாலடி ஸ்லைடிங் சன்னல் ஒன்று போதும், வரிசை முழுதும் கெட.

கண்ணுக்குத் தெரியாத சேர்க்கைதான் உண்மையில் ஆபத்தானது. பழைய வீட்டை இடிக்கும்போது பொதுச்சுவரில் பக்கத்து வீட்டின் மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரங்கள்மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தட்டைக் கூரை) உத்தரங்கள் உட்கார்ந்திருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பார்க்காமல் சுவரைச் செதுக்கினால் அந்த வீட்டுக் கூரை இறங்கும். சுண்ணாம்புக் கலவையில் கட்டிய சுவருக்குக் கடைக்கால் பெரும்பாலும் ஆழம் குறைவு. அதை ஒட்டி ஒரே நீளமாகப் பள்ளம் எடுக்காதீர்கள். நாலடித் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோண்டி, நிரப்பிய பிறகே அடுத்தது. மணல் பூமியில் மோட்டார் வைத்து ஊற்றை இறைத்தால் தண்ணீரோடு மணலும் வரும்; அடுத்த வீட்டுச் சுவர் விரியும். வேலை தொடங்குமுன் பழைய விரிசல்களின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதிவையுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் நகர்கிறது என்று பொருள். பின்னால் வழக்கு வந்தாலும் உதவும்.

எல்லையோரப் பில்லருக்கு ஒருபக்க அடித்தளம்தான் கிடைக்கும். அதை உள்பில்லரோடு பீம் போட்டுக் கட்டவேண்டும். பழைய சுவரில் பீமைச் சொருகவே கூடாது. பழைய சுவருக்கும் புதுச்சுவருக்கும் நடுவே குறைந்தது ஓர் அங்குலம் இடைவெளி வேண்டும். கான்கிரீட்டின்போது அதில் தெர்மகோல் வைத்து, பிறகு எடுத்துவிடுங்கள். மேலே மடித்த அலுமினியத் தகடு மூடி, அதைப் புதுச்சுவரில் மட்டும் அடியுங்கள். இரண்டிலும் அடித்தால் கட்டடங்கள் அசையும்போது கிழியும். தகடு இல்லாவிட்டால் ஐப்பசி மழை நேராக அந்த இடுக்கில் இறங்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஓதம் தெரிகிறது என்று சிமென்ட் பூசுவார். ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூத்து, பூச்சு பெயர்ந்து, சுவருக்குள் இருக்கும் உத்தர முனைகள் உளுத்துப்போகும்.