மணல்குழியின் ஓரத்தில்

இந்த நாட்டுக்கு வந்து இரண்டாவது மாதம். நான்கு வயது மகளை நர்சரியில் விட்டுவிட்டு வேலி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மற்ற பிள்ளைகள் மணல்குழியில் புரள்வார்கள். இவள் ஓரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். மூன்று வாரம் அப்படியே போனது. வாயாடிப் பிள்ளையைக் கூட்டிவந்து ஊமையாக்கிவிட்டோமே என்று ராத்திரியில் அழுதிருக்கிறேன்.

அரைகுறை மொழியில் ஆசிரியையிடம் கேட்டேன். “அவள் சும்மா நிற்கவில்லை, அதுவும் விளையாட்டுதான்” என்றார். சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் தேடிப் படித்தால், மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932இலேயே இதை எழுதியிருக்கிறார். சிறு பிள்ளைகளைக் கவனித்து அவர் பிரித்த ஆறு வகைகளில் வேடிக்கை பார்ப்பதும் ஒன்று. தனியே ஆடுவது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் போக்கில் ஆடுவது, கூடி ஆடுவது எல்லாம் தனித்தனி வகை. வயது ஏற ஏறக் கூடி ஆடுவது அதிகமாகுமாம். ஆனால் தனியாகக் கட்டை அடுக்கும் பிள்ளையைப் பின்தங்கியது என்று நினைக்க வேண்டாம் என்று பின்னால் வந்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள். நல்லவேளை.

நான்காவது வாரம் மணலில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு பையன். அவன் வாளியைக் கவிழ்த்தால் இவளும் கவிழ்ப்பாள். பேச்சு கிடையாது, முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. ஒருநாள் அவன் வாய்க்கால் வெட்ட, இவள் போய்த் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினாள். தண்ணீர் அவன் சப்பாத்துக்குள் போனது. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இந்த நாட்டு மொழியில் வணக்கமும் நன்றியும் வீட்டில் நான் சொல்லிக்கொடுத்தது வீண். அவள் வாயில் வந்த முதல் வார்த்தை “என் முறை!” அடுத்தது “ஏமாத்தாதே!”

வீட்டில் பொம்மைகளை வரிசையாக வைத்து டீச்சர் ஆடுவாள். அந்த மொழியின் ராகம் மட்டும் அச்சு அசலாக இருக்கும். உள்ளே ஒரு சொல்லும் இருக்காது. சாப்பிடும்போது ஐந்து நிமிடம் உட்காராதவள், டீச்சர் என்றால் அரை மணி நேரம் அசைய மாட்டாள். விளையாடும்போது பிள்ளை தன்னைவிட ஒரு தலை உயரமாகிவிடுகிறது என்று ரஷ்ய உளவியலாளர் வீகோட்ஸ்கி சொன்னதைப் படித்தபோது, இவள்தான் கண்முன் வந்தாள்.

அந்தப் பையனின் அம்மாவும் நானும் தினமும் ஒரே பெஞ்சில்தான். நடுவில் அவள் பை, அவரவர் கையில் போன். நேற்று நான் வந்ததும் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.