"போய் என்னன்னு சொல்றது சார்?"

அந்த மாணவி கேட்டது இவ்வளவுதான். நான் சொன்ன பதில், "காலேஜ்ல இருந்துன்னு சொல்லும்மா." வருடங்கள் ஆகியும் இந்த இரண்டு வரியும் என்னை விடவில்லை.

2020 ஆகஸ்ட், கொரோனா ஊரடங்கு, இணையத்தில் வகுப்பு. அந்த வருடம் நீலகிரிக்குக் களப்பயணம் கிடையாது. களத்துக்கே போகாத ஒரு மானுடவியல் வகுப்பை அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டிலிருந்தே போவோம் என்று படங்களாகத் திரட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று காட்டியது 1898-ல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளில், ஹேடன் என்ற பிரிட்டிஷ் மானுடவியலாளர் எடுத்த அசையும் படம். மிஞ்சியிருப்பது சில நிமிடங்கள்தான். அந்தத் தீவுகளில் ஒன்றான மெர் தீவின் ஆண்கள் முகமூடி போட்டு ஆடுகிறார்கள். முகமூடி அட்டையில் செய்தது. மிஷனரிகள் வந்த பிறகு அந்தச் சடங்கு நின்றுபோயிருந்தது. ஹேடன் கேட்டுக்கொண்டதற்காக அட்டையில் முகமூடி செய்து ஆடிக்காட்டினார்கள். "ஆடுறவங்களை மட்டும் பார்க்காதீங்க, ஆடச் சொன்னது யாருன்னும் பாருங்க" என்று பத்து நிமிடம் பேசினேன். மனதாரத்தான் பேசினேன்.

அதே குழுவில் போன ரிவர்ஸ் பிறகு நீலகிரிக்கு வந்து, 1901-02-ல் அங்குள்ள பழங்குடிகளான தோடர்களிடம் தங்கி விசாரித்து 1906-ல் புத்தகம் போட்டார். அதைச் சொல்லிவிட்டு, தோடர் குடிசையின் பழைய புகைப்படம் ஒன்றைத் திரையில் வைத்தேன். பாதியாகப் பிளந்து கவிழ்த்த பீப்பாய் மாதிரிக் கூரை, தரையைத் தொட்டுக்கொண்டு. வாசல் அவ்வளவு சின்னது. குனிந்தால் போதாது, தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும்.

அப்போதுதான் அந்த மாணவி மைக்கைப் போட்டாள். "சார், எங்க மொட்டை மாடியில நின்னா ஒரு மந்து, தோடர் குடியிருப்பு, தெரியும். அவங்க எங்க கடைக்குத்தான் சாமான் வாங்க வருவாங்க."

கறுப்புக் கட்டங்களையே பார்த்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்த எனக்கு அது போதுமாக இருந்தது. "போனை எடுத்துக்கிட்டுப் போயேன்ம்மா. பத்து நிமிஷம் எல்லாரும் பார்க்கட்டும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகுதான் அந்தக் கேள்வி. என் பதிலுக்கு "சரி சார்" என்றாள். ஒரு நிமிடத்தில் அவள் பெயர் திரையிலிருந்து போய்விட்டது. அன்று திரும்ப வரவில்லை. அடுத்த வகுப்புக்கு வந்தாள்; அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மலையில் சிக்னல் அப்படித்தான், அடிக்கடி போகும். அன்றும் அப்படித்தான் போயிருக்கும் என்று பல நாள் சொல்லிக்கொண்டேன். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்பதும் உண்மை. அந்தப் பிள்ளைகள் சின்னத் திரையில் எதையாவது உயிரோடு பார்க்க வேண்டும் என்று நினைத்தேன், அதில் என்ன தப்பு? ஆனால் அது ஊரே தொற்றுக்குப் பயந்து வீட்டுக்குள் கிடந்த நேரம். சில ஆயிரம் பேர்கூட இல்லாத ஒரு சமூகத்தின் வாசலுக்கு, அனுமதி கேட்காமல் ஒரு பெண்ணை அனுப்பப் பார்த்திருக்கிறேன். கடையில் தினம் முகம் பார்ப்பவர்களிடம் அவள் கேமராவை நீட்ட வேண்டும். நான் ஒருநாள் வாத்தியார், அவள் அங்கேயே இருக்கப்போகிறவள்.

ரிவர்ஸ் புத்தகத்தில் ஒரு செய்தி உண்டு. அவருக்குச் சடங்கு விவரங்களைச் சொன்ன சிலருக்கு அடுத்தடுத்துத் துன்பம் வந்தது. ரகசியத்தைச் சொன்னதால் தெய்வம் கோபித்தது என்று தோடர்கள் கருத, அதற்குப் பிறகு பலர் அவரிடம் பேசத் தயங்கினார்கள். அவர் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு வருடமும் இதை நடத்துகிறேன். அன்று அந்த இரண்டு வரிக்கு நடுவில் எனக்கு இது ஞாபகம் வரவில்லை.

சரி, முன்பு வேனில் கூட்டிப்போனபோது மட்டும் என்ன சொன்னோம்? "காலேஜ்ல இருந்து வர்றோம்" என்றுதானே? துறைத்தலைவர் கடிதம் ஒன்று கையில் இருக்கும், தேநீரும் கிடைக்கும். நேரில் போய் உட்கார்ந்தால் வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு இடம் இருந்தது என்று நம்புகிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

சான்றிதழ் வாங்க அவள் துறைக்கு வந்திருந்தாள். அன்று சிக்னல்தான் போனதா என்று கேட்க வாயெடுத்தேன். "ஊர்ல இப்ப பனியாம்மா?" என்றுதான் வந்தது. "ஆமா சார், காலையில புல்லெல்லாம் வெள்ளையா இருக்கு" என்றாள்.