டீசல் அவுட்போர்டு: மூன்றாவது தடவையும் பெல்ட் பல் தாவியது

நானே கட்டும் டீசல் அவுட்போர்டை, அதாவது படகின் பின்பலகையில் மாட்டும் இன்ஜினை, பழவேற்காடு ஏரியில் ஓட்டிப் பார்த்தேன். நிமிடத்துக்கு 2,200 சுற்று வரைக்கும் படகு அருமையாகப் போனது. கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்ததும் அவுட்போர்டின் காலுக்குள் (இன்ஜினிலிருந்து தண்ணீருக்குள் புரொப்பல்லர் வரை இறங்கும் பகுதி) டடடடவென்று சத்தம், இன்ஜின் ஓடுகிறது, புரொப்பல்லர் நிற்கிறது. பிரித்துப் பார்த்தால் பெல்ட்டில் ஐந்து பல் வேரோடு மழிந்திருக்கிறது.

இன்ஜின் நம் ஆட்கள் லாங் டெயிலில் (நீண்ட தண்டின் முனையில் புரொப்பல்லர் உள்ள படகு இன்ஜின்) ஓட்டும் அதே 10 குதிரைத்திறன் ஒற்றை சிலிண்டர்தான். கிராங்கை (பிஸ்டன் சுழற்றும் தண்டு) நிமிர்த்தினால் அடியில் ஆயில் தங்கும் சம்ப் உதவாது என்பதால் இன்ஜினை வழக்கம்போல உட்காரவைத்து, சக்தியை டைமிங் பெல்ட்டில் (பல் வைத்த பெல்ட்) கீழே இறக்குகிறேன். ஸ்வீடனின் ஆக்ஸ் டீசல் அவுட்போர்டிலும் பெல்ட்தான், அதுவும் 200 குதிரைத்திறனுக்கு. ஆகவே வழி தப்பில்லை.

சிக்கல் இதுதான். சுற்றைப் பாதியாக்கும் பெரிய புல்லியைத் தண்ணீருக்குள் வைத்தால் 14 சென்டிமீட்டர் விட்டம் வருகிறது, கால் உரல் மாதிரி தடித்துப் படகை இழுத்துப் பிடிக்கும். அதனால் மேலேயே சுற்றைப் பாதியாக்கிவிட்டு, கீழே 28 பல்லுக்கு 28 பல் போட்டேன். கால் ஒல்லியாகிவிட்டது, ஆனால் 3,000 சுற்றில் 24 நியூட்டன் மீட்டராக இருந்த முறுக்கு, சுற்று பாதியானதால், கீழ் பெல்ட்டுக்கு வரும்போது 48 ஆகிறது, அந்தச் சின்ன புல்லியில் அது 135 கிலோ இழுப்பு. அதுவும் சராசரிதான். ஒற்றை சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிக்கிறது, ஒவ்வொரு வெடிப்பிலும் பெல்ட் வாங்கும் அடி இதைவிடப் பல மடங்கு. அடி விழுந்ததும் தளர்ந்த பக்கம் துள்ளிப் பல் தாவுகிறது. பெல்ட்டை அழுத்திப் பிடிக்கும் ஐட்லர் உருளை வைத்தும் அடங்கவில்லை.

பெல்ட் கொடுத்த கடைக்காரர் 30 மில்லிமீட்டர் அகலம் தாராளம் என்றார். மின்மோட்டாருக்குத் தாராளம், டீசலுக்கு இல்லை என்று அவருக்கும் இப்போது தெரியும். லேத்காரர் அண்ணன்தான் உருப்படியாக ஒன்று சொன்னார்: "தம்பி, பெல்ட்ட விடு, அடி மேலேயே சாகணும்." கிராங்குக்கும் முதல் புல்லிக்கும் நடுவே அடியை வாங்கிக்கொள்ளும் ரப்பர் கப்ளிங் (இணைப்பு) கடைகிறார்.

டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி) போடலாமா என்று கேட்டவர்களுக்கு: ஒற்றை சிலிண்டரில் புகை விட்டுவிட்டு வரும், டர்போ ஒழுங்காகச் சுழலாது. இரண்டு சிலிண்டரில் முடியும், யான்மாரின் 50 குதிரைத்திறன் டிடார்க் அப்படித்தான், அதிர்வைக் கொல்ல எதிரெதிராகச் சுழலும் இரண்டு கிராங்க். பெட்ரோலில் மெர்க்குரி 2004-லேயே வெராடோ அவுட்போர்டில் சூப்பர்சார்ஜர் (இன்ஜினே சுழற்றும் காற்றுத் திணிப்பான்) வைத்தது, 2018-ல் அதே சக்திக்கு அது இல்லாத பெரிய வி-6, வி-8 (ஆறு, எட்டு சிலிண்டர்) இன்ஜின்கள் கொண்டுவந்தது. டீசலுக்கு அந்த வழி சரிப்படாது, பெரிதாக்கினால் எடை படகின் பின்பலகையை முறித்துவிடும். அதனால் டர்போ போடுவதற்காகப் பழைய இரட்டை சிலிண்டர் டீசல் ஒன்றுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

கப்ளிங் வெள்ளிக்கிழமை வருகிறது. ஞாயிறு மறுபடி ஏரிக்கு, இந்தத் தடவை 50 மில்லிமீட்டர் பெல்ட்டோடு.